அச்சு அசல்: வாசகர் கேள்விகள்

(கொசப்பேட்டையில் பொம்மை செய்யும் வீட்டில் பிறந்து, இன்று ராயபுரத்தில் அச்சுப் பட்டறை வைத்திருக்கும் அக்கா பதில் சொல்கிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வளையும் அச்சு பற்றியவை.)

கொருக்குப்பேட்டை வாசகி: அம்மா விட்டுப்போன குழலூதும் கண்ணன் ஒன்று இருக்கிறது. ஒரு சாண் உயரம், மரத்தில் செதுக்கியது. அதை மெழுகில் வார்த்து தங்கைகள் மூன்று பேருக்கும் கொடுக்க ஆசை. "மெழுகிலேயே வளையும் அச்சு எடுக்கலாம்" என்கிறார் ஒருவர். "ரப்பர் அச்சுதான் சரி" என்கிறார் இன்னொருவர். மெழுகு எப்படி அக்கா வளையும்? ஒடிந்துதானே போகும்?

இரண்டு பேர் சொன்னதும் சரிதான் தங்கச்சி. ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை. மெழுகாலேயே செய்கிற அச்சு ஒன்று. மெழுகை ஊற்றுவதற்காகச் செய்கிற அச்சு இன்னொன்று. இந்தக் குழப்பத்தோடு என் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு டீ கொடுத்து உட்கார வைத்துவிடுவேன்.

மெழுகு வளையுமா என்று கேட்டீர்கள். கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவத்தியை வளைத்துப் பாருங்கள், பட்டென்று முறியும். அது பாரஃபின். கச்சா எண்ணெயிலிருந்து மசகு எண்ணெய் பிரிக்கும்போது வருவது. நம்ம மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே எடுக்கிறார்கள். அதன் படிகங்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பதால் ஒரு தட்டு விலகினால் எல்லாம் விலகும். தேன்மெழுகு அப்படியில்லை. பலவகைப் பொருள் கலந்தது. உள்ளங்கையில் ஐந்து நிமிஷம் வைத்தால் சப்பாத்தி மாவு மாதிரி இளகும். உருகுவது 62, 64 டிகிரியில்தான். அதாவது உருகுவதற்கு வெகு முன்பே வளைய ஆரம்பித்துவிடும். அந்த இடைவெளியில்தான் மெழுகு அச்சின் வேலை நடக்கிறது. கடையில் மைக்ரோ வாக்ஸ் என்று கேட்டால் கிடைப்பதும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான். ஆனால் படிகம் பொடிப்பொடி, எண்ணெயைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் அதுவும் வளையும்.

எங்கள் அப்பா தேன்மெழுகில் குங்கிலியத்தைப் பொடி செய்து போட்டு, கடலை எண்ணெய் விட்டுக் காய்ச்சுவார். சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகத்துக்கு மெழுகு கட்டுவதும் இந்த மூன்றை வைத்துத்தான். குங்கிலியம் உறுதி கொடுக்கும், எண்ணெய் இளக்கம் கொடுக்கும். எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்ததே கிடையாது. காய்ச்சியதில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து, கயிறு மாதிரி திரித்து என் சுண்டுவிரலில் சுற்றுவார். விரிசல் விட்டால் இன்னும் கொஞ்சம் எண்ணெய். விரலில் பிசுக்கென்று ஒட்டினால் இன்னும் கொஞ்சம் குங்கிலியம். சித்திரைக்கு ஒரு பதம், மார்கழிக்கு ஒரு பதம். என் சுண்டுவிரல்தான் அவருக்குத் தராசு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் "ஏன் உன் கை எப்பவும் கோயில் மாதிரி வாசனை அடிக்குது" என்று கேட்பார்.

ஈரக் களிமண்ணில் செய்த உருவத்தின் மேல் இந்த மெழுகைச் சூடாகத் தூரிகையால் பூசுவோம். ஈரமண்ணில் மெழுகு ஒட்டாது. மூன்று நான்கு பூச்சு, தோசைக் கனத்துக்கு. ஆறியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கினால், காது மடல் மாதிரி மடங்கும். பிரித்து எடுத்து, பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து பச்சைத்தண்ணீரில் விட்டால் விறைக்கும். உள்ளே மாவு ஊற்றலாம் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பட்டறையில் மாவு என்றுதான் சொல்வோம்). ஒன்று மட்டும் கவனம். மாவு கெட்டியாகும்போது தானாகவே சூடாகும். தடிமனாக ஊற்றினால் அந்தச் சூட்டிலேயே மெழுகு இளகி, மூக்கு சாய்ந்துவிடும். மெல்லிசாக ஊற்றிச் சுழற்றி, பூச்சுப் பூச்சாகக் கட்ட வேண்டும். கடைசியில் வெந்நீரில் போட்டால் அச்சு உருகி மேலே மிதக்கும். அள்ளி அடுத்த அச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் கண்ணனுக்கு இது வேண்டாம். மரத்தின் மேல் சூடான மெழுகு பட்டால் நரம்பு நரம்பாக உள்ளே இறங்கிவிடும், அப்புறம் வராது. தவிர, மெழுகு அச்சில் மெழுகையே ஊற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் உங்களுக்கு ரப்பர்தான், அதாவது சிலிக்கான்.

இப்போது கண்ணனைப் பாருங்கள். குழலைப் பிடித்த கைக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும். கால் மாற்றி நிற்பதால் கணுக்காலில் இன்னொன்று. விறைப்பான அச்சு அங்கே கொக்கி போட்டு மாட்டிக்கொள்ளும். இப்படி ஒரு கண்ணனுக்கு எங்கள் அப்பா மாவிலேயே 11 துண்டாக அச்சு செய்தார். முழங்கைச் சந்துக்கென்று மட்டும் புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டு. அது தொலைந்துபோய் வீடு முழுக்கத் தேடி, கடைசியில் தம்பி வாயில் இருந்தது. ரப்பர் வந்த பிறகு 11 துண்டு ஒரே துண்டாகிவிட்டது.

பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகள் இருக்கின்றன. "மோல்டு எடுக்கிற சிலிக்கான், ஹார்டனரோடு" என்று கேளுங்கள் (ஹார்டனர் என்பது ரப்பரை இறுகவைக்கும் மருந்து). உங்கள் பொம்மைக்கு ஒரு கிலோ தாராளம். முதலில் பொம்மையின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு தடவி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். பழைய பெயின்ட் கூடவே வருகிறதா, கறை விழுகிறதா என்று தெரிந்துவிடும். அம்மா கொடுத்த பொருள், இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

கறை இல்லையென்றால் வாசலைனை மெல்லிய துணியில் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி தடவுங்கள். அதிகம் தடவினால் மை தீட்டிய கண்ணும் நகை வேலையும் அச்சில் விழாது. பிறகு ஹார்டனர் கலந்த ரப்பரைப் பூசுங்கள். முதல் பூச்சு தூரிகையில், ஓட்டமாக. சந்து பொந்தெல்லாம் இறங்க வேண்டும். குமிழி தெரிந்தால் ஊதிவிடுங்கள். அது கை ஒட்டாத பதத்துக்கு வந்ததும் அடுத்தது. மூன்றாவது பூச்சில் கைச் சந்தை முழுக்க அடைத்துவிடுங்கள். மொத்தம் அரை சென்டிமீட்டர் கனம் போதும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ரப்பர் வளைகிறதே என்று சந்தோஷப்பட்டு, அப்படியே மெழுகை ஊற்றுகிறார்கள். மெழுகின் பாரத்தில் ரப்பர் பிதுங்கி, கண்ணனுக்கு எட்டு மாத வயிறு வந்துவிடும். வளைகிற அச்சுக்கு வெளியே வளையாத சட்டை ஒன்று போட்டே ஆக வேண்டும். அதை நாங்கள் தாய் அச்சு என்போம். ரப்பருக்கு மேல் மாவில், முன்னும் பின்னுமாக இரண்டு பாதி. இரண்டும் மறுபடி அதே இடத்தில் உட்காருவதற்கு ஓரத்தில் நான்கு குழி, நான்கு மேடு. மாவு கெட்டியானதும் சட்டையைக் கழற்றி, ரப்பரை முதுகுப்பக்கம் மட்டும் பிளேடால் கீறுங்கள். நேர்கோடாக வேண்டாம், வளைந்து வளைந்து. அப்போதுதான் திரும்ப மூடும்போது வாய் சரியாகப் பொருந்தும்.

கண்ணனை எடுத்துவிட்டு, ரப்பரைத் தாய் அச்சுக்குள் திரும்ப வைத்து மெழுகை ஊற்றுங்கள். ஊற்றும் மெழுகு 70, 75 டிகிரி இருக்கட்டும். பாத்திர ஓரத்தில் லேசாக ஆடை கட்டத் தொடங்கும் நேரம் அது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ரப்பருக்கு ஒன்றும் ஆகாது, மெழுகுதான் அதிகமாகச் சுருங்கும். பாரஃபின் ஆறும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே சுருங்கும். நடுவில் பள்ளம் விழும். அதனால் ஒரு டம்ளர் மெழுகு அடுப்பில் தனியாக இருக்கட்டும், பள்ளம் விழ விழ ஊற்றி நிரப்ப. பாதிக்குப் பாதி தேன்மெழுகு கலந்தால் குழல் ஒடியாது. தங்கைகளுக்குக் கொடுக்கும்போது ஒன்று சொல்லிவிடுங்கள்: வெயில் விழுகிற ஜன்னலில் வைக்காதே என்று.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: சிலிக்கான் அச்சு வெளிப்பக்கம் நன்றாக இறுகிவிட்டது. உருவத்தைத் தொடும் உள்பக்கம் மட்டும் மூன்று நாளாகப் பிசுபிசு. கடைக்காரர் சரக்கு நல்லது என்கிறார். யாரை நம்புவது?

கடைக்காரரை நம்பலாம் தம்பி. உங்கள் உருவம் எதில் செய்தது என்று எழுதவில்லை. ஆனால் பிள்ளைகள் விளையாடுகிற எண்ணெய்க்களி என்று நினைக்கிறேன். அதில் பல வகைகளில் கந்தகம் இருக்கும். சிலிக்கானில் இரண்டு சாதி. வெள்ளீயம், அதாவது டின் கலந்த மருந்தில் இறுகுவது ஒன்று. பிளாட்டினத்தில் இறுகுவது இன்னொன்று. பிளாட்டினம் விலை அதிகம், சுருக்கம் குறைவு, ஆனால் மகா கோபக்காரன். கந்தகம் பட்டால் இறுக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு தொட்டால்கூட சிலசமயம் அதே கதி.

அந்த அச்சு இனி தேறாது, வழித்துப் போட்டுவிடுங்கள். அடுத்த தடவை கந்தகம் இல்லாத களியில் செய்யுங்கள், அல்லது டின் வகை வாங்குங்கள். டின் வகை நம்ம பானை மண்ணைப் பார்த்துப் பயப்படாது. ஆனால் சாக்லேட், பர்ஃபி வார்க்கிற அச்சுக்கு அது கூடாது.

இன்னொன்று. ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்றினீர்களோ? சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். டப்பாவில் 100 கிராமுக்கு 3 கிராம் என்று போட்டிருந்தால் மூன்றுதான். சீக்கிரம் இறுகட்டும் என்று ஐந்து ஊற்றினால், கலக்கும் குச்சியோடு சேர்ந்து இறுகும். சித்திரை வைகாசியில் 20 நிமிஷம் என்று போட்டிருப்பது நம்ம தகரக் கூரைக்குக் கீழே பத்து நிமிஷம்கூட நிற்காது. டப்பாவை முந்தின ராத்திரியே தண்ணீர்ப்பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, விடியற்காலையில் கலப்பது என் வழக்கம்.

தண்டையார்பேட்டை வாசகி: பேரனுக்கு முதல் பிறந்தநாள். அவன் கையை அச்செடுத்து வைக்க ஆசை. மாவில் கையை வைக்கச் சொல்லலாமா?

வைக்கவே வைக்காதீர்கள் அம்மா. மேலே சொன்னேனே, மாவு இறுகும்போது சூடாகும் என்று. தடிமனாக இருந்தால் 60 டிகிரியைத் தொடும். குழந்தை கை வெந்துவிடும், எடுக்கவும் வராது.

பல் டாக்டர்கள் பல் அளவு எடுக்கிற பொடி இருக்கிறது, ஆல்ஜினேட். கடல்பாசியிலிருந்து வருவது, மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறிக்கிற பாசியில் ஒருவகை இதற்குத்தான் போகிறது. பல் மருத்துவச் சாமான் கடையில் கிடைக்கும். தண்ணீரில் கலந்து கையை விட்டால் மூன்று நிமிஷத்தில் ஜெல்லி மாதிரி இறுகும். சூடு இல்லை. குழந்தை தூங்கும்போது செய்யுங்கள், முழித்திருக்கும் ஒரு வயசுப் பிள்ளை மூன்று நிமிஷம் கையை நீட்டுமா என்ன? எடுத்த உடனே மாவை ஊற்றிவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அச்சு காய்ந்து சுருங்கி, பேரன் கை பொம்மைக் கையாகிவிடும்.

பெரியமேடு ஓவியக் கல்லூரி மாணவர்: சிலிக்கான் வருவதற்கு முன்னால் வளையும் அச்சே இல்லையா?

இருந்தது தம்பி. வச்சிரம். தச்சர்கள் பலகை ஒட்டக் காய்ச்சுகிற அதே வச்சிரம்தான். தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. அதைவிடச் சுத்தமானதை ஜெலட்டின் என்கிறோம். உங்கள் கல்லூரியை 1850-ல் பிராட்வேயில் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் ஆரம்பித்தாரே, அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவில் மாவுச் சிலை நகலெடுத்தவர்கள் இதைத்தான் ஊற்றினார்கள். ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காலையில் கொதிக்கவிடாமல் வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, காய்ந்துபோகாமல் இருக்கக் கிளிசரின் சேர்த்து ஊற்றுவது. ஆறினால் ரப்பர் தோற்றுவிடும், அவ்வளவு துல்லியம். வேலை முடிந்ததும் வெட்டிப் போட்டு மறுபடி உருக்கலாம்.

குறை என்னவென்றால் சூடு தாங்காது. அதில் மெழுகை ஊற்ற வேண்டுமானால், படிகாரத் தண்ணீர் பூசி முகத்தை இறுக்கிக்கொண்டு, மெழுகு இதோ உறையப்போகிறது என்கிற நேரத்தில் ஊற்ற வேண்டும். நான் கல்யாணமான புதிதில், எனக்கும் வேலை தெரியும் என்று காட்ட, ராயபுரத்தில் ஒரு வீட்டுக்குப் பத்து அங்குல மாதா சுரூபம் வார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன். வச்சிர அச்சு அருமையாக வந்தது. மெழுகைக் கொஞ்சம் சூடாக ஊற்றிவிட்டேன். திறந்தால் முக்காடு இருக்கிறது, முகம் இல்லை, வழவழவென்று ஒரு சோப்புக்கட்டி. சரி, மறுபடி வச்சிரம் காய்ச்சி, இரண்டாவது அச்சு எடுத்து, விடியட்டும் என்று மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் எலி தின்றுவிட்டது. அச்சையேதான்! தோளிலிருந்து பாதம் வரை பல் தடம். எலிக்கு அது மாட்டெலும்பு சூப்பு அல்லவா? மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெரிய அண்டாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள், அடுத்த அச்சைக் கவிழ்த்து மூட.

ஒரு தடவையாவது செய்து பாருங்கள். செலவு குறைவு, கை பழகும்.

திருவொற்றியூர் வாசகர்: பித்தளைப் பாவை விளக்கின் மேல் ரப்பர் பால் பூசி அச்செடுக்கலாமா?

கூடாது. ரப்பர் பால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்த்திருப்பார்கள். அது பித்தளையைக் கறுக்கவைக்கும். பித்தளையில் உள்ள செம்பு பதிலுக்கு ரப்பரைக் கெடுக்கும், கொஞ்ச நாளில் பிசினாகிவிடும். மண், மாவு, கல்லுக்கு ரப்பர் பால் நல்லது, மலிவு. பத்துப் பூச்சு பூசப் பொறுமை இருந்தால்.

எர்ணாவூர் வாசகி: மெழுகை நேரடியாகக் கேஸ் அடுப்பில் வைத்து உருக்கினால் என்ன? சீக்கிரம் ஆகிறதே?

சீக்கிரம் ஆகும், தீயும் சீக்கிரம் பிடிக்கும். மெழுகு கொதித்துப் பொங்காது. சத்தமே இல்லாமல் சூடேறி, புகை விட்டு, திடீரென்று பற்றும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகு, இட்லிக்குண்டானே போதும். தண்ணீர் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாது. தப்பித்தவறிப் பற்றினால் அடுப்பை அணைத்து, மூடியைப் போட்டு மூடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். எரிகிற மெழுகு கூரைவரை எழும்பும். என் பட்டறை உத்தரத்தில் ஒரு கறுப்பு வட்டம் இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வருகிறவர்களிடம் அதை விட்டுவிடச் சொல்லிவிடுவேன், வேலைக்கு வருகிற பெண்களுக்குக் காட்ட.

வியாசர்பாடி வாசகர்: கடையில் வாங்கிய கொலு பொம்மையிலிருந்து அச்செடுத்து, நானே செய்து விற்கலாமா? யாருக்குத் தெரியப்போகிறது?

உங்கள் வீட்டுக் கொலுவுக்கு ஒன்று என்றால் நான் கேட்க மாட்டேன். விற்பதென்றால் உருவம் செய்தவரைத் தேடிப்போய்க் கேளுங்கள். பலர் ஒரு தொகை வாங்கிக்கொண்டு அவர்களே நல்ல அச்சாகக் கொடுப்பார்கள்.

யாருக்குத் தெரியும் என்றா கேட்டீர்கள்? மண்ணுக்குத் தெரியும். களிமண் காய்ந்து, சூளையில் வெந்து வருவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் உருவம் செய்கிறவர் அந்த அளவுக்குப் பெரிதாகவே முதலில் செய்வார். விற்கிற பொம்மையிலிருந்து அச்செடுத்து மறுபடி மண்ணில் அடித்தால் பத்து அங்குலம் ஒன்பது ஆகும். அதிலிருந்து எடுத்தால் எட்டு.

ஒரு புரட்டாசியில் வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்குத் தசாவதார செட் ஒன்றைக் கொண்டுவந்து, புது மாடல், மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பா மச்சாவதாரத்தை எடுத்து வாலைத் தடவிப் பார்த்தார். உருவம் செய்த நாளில் என் நகம் பட்டு விழுந்த கீறல் ஒன்று அந்த வாலில் உண்டு. நான் அழுதேன் என்று அப்பா அதை அழிக்காமல் விட்டிருந்தார். அந்தக் கீறல் அங்கே இருந்தது. அளவுக்குச்சியை வைத்துப் பார்த்தார், ஒன்பது அங்குலம். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "புது மாடல்தான். அடுத்த வருஷம் எட்டு அங்குலத்திலும் வருமா?" என்று கேட்டார். அவர் செட்டைக் கூடையில் அடுக்கத் தொடங்கினார். அப்பா என்னைக் கூப்பிட்டு, அவருக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.